முதல் பக்கத்தில் என் மகளின் எண்

என் மகள், பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய், தாய்க்கும் குழந்தைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிடுகிற வேலை செய்துவந்தாள். ‘செய்துவந்தாள்’ என்று எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை.

இது மதுரைக்குப் புதிய தொழில் இல்லை. தெருவுக்கு ஒருத்தி இதற்கென்று இருப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததும் சொல்லி அனுப்புவார்கள். என் மகள் அதை முறையாகக் கற்றவள். செவிலியர் உதவியாளர் படிப்பு முடித்து, ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சில வருடம் வேலை பார்த்தாள். கல்யாணம் அவளுக்குச் சரிப்பட்டு வரவில்லை. இடுப்பில் பையனோடு, செல்லூரில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். வந்த ஒரு வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பிறகு ஒருநாள் எழுந்து தலைக்குக் குளித்துவிட்டுச் சொன்னாள்: “யாருகிட்டயும் கை நீட்டாம, யாரு துணையும் இல்லாம, நானா நிக்கணும்மா. அது போதும்.”

அந்த ஒன்றைத்தான் அவள் கேட்டாள்.

செல்லூரில் நாலு வீடு கிடைத்தது. நாலு வீட்டோடு நின்றும் போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கோச்சடையில் புதிதாக எழும்பும் அடுக்ககங்களில் இருக்கிற இளம் ஜோடிகள்தான் இந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள். பெற்றவர்கள் ஓர் ஊரில், இவர்கள் ஓர் ஊரில். அவர்கள் தெருவில் விசாரிக்க மாட்டார்கள், கைப்பேசியில் தேடுவார்கள். தேடினால் என் மகள் கிடைக்க மாட்டாள். அதனால் ஒரு வெப்சைட் போட்டோம். போட்ட பிறகும் கிடைக்கவில்லை.

கோச்சடையில் ஒரு பேக்கரி மாடியில் இந்த வேலை செய்கிற தம்பி ஒருவனைப் பிடித்தோம். நல்ல சுறுசுறுப்பான பையன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர், பல் டாக்டர், கார் வாடகைக்கு விடுகிறவர் எல்லாம் அவனுடைய வாடிக்கையாளர்கள். எங்கள் வெப்சைட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அக்கா, கடையத் தொறந்து வச்சிட்டு ஷட்டர எறக்கி விட்டுருக்கீங்க. எவனுக்குத் தெரியும் உள்ள ஆளிருக்குன்னு?”

ஷட்டரைத் தூக்க இரண்டு வேலை சொன்னான். ஒன்று, வாரம் ஒரு கட்டுரை எழுதிப் பக்கத்தில் போட வேண்டும். ஜனங்கள் என்ன கேள்வி கேட்டுத் தேடுகிறார்களோ, அதற்குப் பதிலாக அந்தக் கட்டுரை இருக்க வேண்டும். இன்னொன்று, ஊரிலுள்ள வியாபாரங்களைப் பட்டியல் போடுகிற தளங்கள் எத்தனை உண்டோ, அத்தனையிலும் எங்கள் பெயரும் விலாசமும் எண்ணும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருக்க வேண்டும்.

“ஒரே நம்பர் எல்லா எடத்துலயும் இருந்தாத்தான் நம்பும்” என்றான்.

“எது நம்பும்?” என்று கேட்டேன்.

“மெஷின்மா.”

மெஷின் நம்புவதற்காக என் மகள் தன் சொந்த எண்ணைக் கொடுத்தாள். அவளிடம் இருந்ததே அந்த ஒரு எண்தான்.

கட்டுரை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் தமிழில் பட்டப் படிப்பு முடித்தவள். கல்யாணத்துக்கு முன் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு பலசரக்குச் சிட்டை தவிர ஒன்றும் எழுதியதில்லை. சாயங்காலங்களில் மகள் சொல்லச் சொல்ல எழுதினேன். குளிக்கும்போது குழந்தை ஏன் அழுகிறது, பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது, ஆபரேஷன் செய்த தாய்க்கு எப்போதிருந்து உடம்பு பிடித்துவிடலாம், எங்கே கை படக் கூடாது. எழுதியதை வாசித்துக் காட்டினால் “இம்புட்டு அலங்காரம் வேண்டாம்மா, ரெண்டு மணி நேரம்கூடத் தூங்காத பொம்பள இத வாசிப்பா” என்று பாதியை அடிக்கச் சொல்வாள். என் கணவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் கொடுப்பார்: “எழுத்தாளரம்மா, இன்னைக்காவது சோறு உண்டா?”

சில மாதத்தில் பக்கம் மேலே ஏறியது. முதல் பக்கத்துக்கே வந்துவிட்டது என்று அந்தத் தம்பி படம் பிடித்து அனுப்பினான். என் கணவர் விசைத்தறிக்கு உதிரி பாகம் விற்கிறவர். கடைக்கு நாடா வாங்க வந்தவர், போல்ட் வாங்க வந்தவர் எல்லோரிடமும் “மாப்ள, நெட்ல தேடிப் பாரு, யாரு மொதல்ல வாரான்னு பாரு” என்று காட்டினார். நானும் மகிழ்ந்தேன். பொய் சொல்ல என்ன இருக்கிறது?

அழைப்புகள் வந்தன. கோச்சடையில் மூன்று வீடு, தெப்பக்குளத்துக்கு அந்தப் பக்கம் வண்டியூரில் இரண்டு வீடு. மகள் காலையில் பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் போய், மத்தியானம் எண்ணெய் வாடையோடு திரும்புவாள். முகத்தில் ரத்தம் ஊறியது.

வேறு அழைப்புகளும் வந்திருக்கின்றன. அவள் என்னிடம் சொல்லவில்லை. “மசாஜ் இருக்கா?” என்று ஒருவன் கேட்பான். “இருக்கு சார், குழந்தைக்கு எத்தன நாளாச்சு?” என்று இவள் கேட்பாள். அவன் சிரிப்பான். ஏதோ தவறான எண் என்று முதலில் நினைத்திருக்கிறாள். பிறகு புரிந்து, ஒவ்வொரு எண்ணாகத் தடுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். எதற்கு என்னிடம் மறைத்தாள் என்று பிறகு கேட்டேன். “நீ போகாதேன்னு சொல்லுவ” என்றாள். சொல்லியிருப்பேன்.

அடுத்து நடந்ததை, அவள் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

ஒருவன் மரியாதையாகப் பேசியிருக்கிறான். மனைவிக்குப் பிரசவமாகி ஒரு மாதம் ஆகவில்லை, குழந்தை தூங்க விடுவதில்லை, ஊரில் உதவிக்கு ஆளில்லை என்றிருக்கிறான். கோச்சடையில் ஆற்றோரமாக ஒரு புது அடுக்ககம், மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவன் நெற்றியில் திருநீறு பூசியிருந்தான். “வாங்க சிஸ்டர், உள்ள படுத்திருக்கா” என்றான். இவள் பையை இறக்கி வைத்துவிட்டு ஹாலைப் பார்த்தாள்.

பச்சைப் பிள்ளை உள்ள வீட்டுக்குள் போனதும் அவள் கண் முதலில் தொட்டிலைத்தான் தேடும். நம்மூரில் எவ்வளவு வசதியான வீடானாலும் ஒரு கொக்கியில் பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த ஹாலில் கொக்கி இருந்தது, தொட்டில் இல்லை. பால்கனிக் கொடியில் ஒரு வெள்ளைத் துணி காயவில்லை. வசம்பு வாடை இல்லை, பால் வாடை இல்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. பின்னால் வாசல் தாழ்ப்பாளில் அவன் கை வைக்கிற சத்தம் கேட்டது.

“சார், எண்ணெய் பாட்டில் வண்டியிலயே இருக்கு. எடுத்துட்டு வந்துர்றேன். அதுக்குள்ள தண்ணி மட்டும் காய வச்சிருங்க.”

“எண்ணெய் இங்கயே இருக்கு சிஸ்டர்.”

“குழந்தைக்கு வேற எண்ணெய் சார்” என்று சொல்லிக்கொண்டே அவனைத் தாண்டி நடந்திருக்கிறாள். குரல் நடுங்கவில்லை என்றாள். அவன் ஒரு நொடி யோசித்த அந்த இடைவெளியில் வெளியே வந்துவிட்டாள். லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினாள். பை அங்கேயே கிடந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் குளித்தாள். பையனுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். “பை எங்கடி?” என்று கேட்டதற்கு “மறந்துட்டேன்” என்றாள். மறுநாள் காலையில் கைப்பேசி அடித்தது. திரையைப் பார்த்தவள், அதை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பைய வாங்கிக்க வரலையா சிஸ்டர்?” என்றது ஓர் ஆண் குரல். “துண்டெல்லாம் சுத்தமா மடிச்சு வச்சிருக்கீங்களே.”

அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கோபமான குரல் இல்லை, குடித்த குரல் இல்லை. வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் இருந்து பேசுகிற குரல் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் மகள் நடந்ததைச் சொன்னாள்; போலீசுக்குப் போகலாம் என்றார் என் கணவர். மகள் மறுத்துவிட்டாள். “என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்கப்பா. ஒண்ணும் நடக்கலன்னுதான் சொல்லணும்” என்றாள்.

எங்களை எப்படி இவர்கள் கண்டுபிடிக்கிறார்கள் என்று அன்றுதான் நானே தேடிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தை நாங்கள் யாரும் பல நாளாகத் திறக்கவில்லை. எழுதி அனுப்புவேன், அவன் போட்டுக்கொள்வான், அவ்வளவுதான். திறந்தால், ஊருக்கு ஒரு பக்கம் முளைத்திருந்தது. செல்லூரில் மசாஜ். கோச்சடையில் மசாஜ். வண்டியூரில் மசாஜ். வீட்டுக்கே வரும் பெண்கள், இதமான எண்ணெய் மசாஜ், உடனே அழையுங்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரே வாசகம், ஊர்ப் பெயர் மட்டும் வேறு. தாய், சேய் என்கிற சொற்கள் அடியில் பொடி எழுத்தில் கிடந்தன. நடுவில் நான் எழுதிய பத்தி ஒன்று அப்படியே இருந்தது. ஆபரேஷன் செய்த தாயின் இடுப்பை எவ்வளவு மெதுவாகப் பிடித்துவிட வேண்டும் என்று நானும் மகளும் ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்து எழுதிய பத்தி. இப்போது அது அந்தத் தலைப்புக்குக் கீழே கிடந்தது.

கீழே பெரிய எழுத்தில் என் மகளின் எண்.

நானும் கணவரும் பேக்கரி மாடிக்குப் போனோம். அந்தத் தம்பி வழக்கம்போல எழுந்து நாற்காலி போட்டான். டீ சொன்னான்.

“தம்பி, இத யாரு எழுதுனது?”

“நாந்தாம்மா. ஆப்டிமைஸ் பண்ணேன், தேடுனா மேல வர்ற மாதிரி.”

“எங்ககிட்ட கேக்கலையே.”

“கேட்டுட்டுப் பண்ற விஷயமாம்மா இது? நீங்க எழுதுனது நல்லாத்தான் இருக்கு. ஆனா பிள்ள பெத்தவளக் குளிப்பாட்டன்னு எவன் தேடுறான்? இந்த வார்த்தைய எம்புட்டுப் பேரு தேடுறாங்க பாருங்க.” திரையைத் திருப்பிக் காட்டினான். ஒரு கோடு மேலே மேலே ஏறிக்கொண்டு போனது.

“அம்புட்டுப் பேரும் பிள்ளை பெத்த வீடா?” என்று கேட்டார் என் கணவர்.

அவன் யோசித்தான். அந்தக் கேள்வி அதுவரை அவனுக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. “அது மெஷினுக்குத் தெரியாதுண்ணே.”

“ஒனக்குத் தெரியும்ல?”

“அண்ணே, ட்ராஃபிக், அதான் தேடி வர்ற கூட்டம், வந்தா நல்லதும் வரும், கெட்டதும் வரும். பிரிச்சு எடுக்குறது உங்க கையில.”

நடந்ததைச் சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமல் மௌஸை நகர்த்திக்கொண்டே கேட்டான். முடித்ததும் சொன்னான்: “அவங்க தனியாப் போயிருக்கக் கூடாதும்மா.”

என் கணவர் எழுந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். எனக்கும் அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் வெப்சைட்டின் பூட்டும் சாவியும் அவனிடம் இருந்தன. அவன் எங்கள் கண் முன்னாலேயே எல்லாப் பக்கத்தையும் அழித்தான். கொண்டுவந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நான் எழுதியவையும் சேர்ந்து போயின.

“மத்த எடத்துல எல்லாம் எப்பப் போகும்?” என்று கேட்டேன்.

“அது நம்ம கையில இல்லம்மா. ஒருத்தரப் பாத்து ஒருத்தரு எடுத்துப் போட்டிருப்பாங்க.”

போகவில்லை. எந்தெந்தத் தளத்தில் அவன் எண்ணைப் பதிந்தானோ, அதிலிருந்து நாங்கள் கேள்விப்படாத வேறு தளங்கள் எடுத்துக்கொண்டிருந்தன. சிலவற்றுக்கு எழுதினேன். ஒன்று, என் மகள்தான் என் மகள் என்பதற்குச் சான்று கேட்டது. பெரும்பாலானவை பதிலே போடவில்லை. ஒரு தளத்தில் அவள் எண்ணுக்குப் பக்கத்தில் முதுகு திறந்து குப்புறப் படுத்திருக்கும் ஏதோ தேசத்துப் பெண்ணின் படம் இருக்கிறது. இதை எழுதுகிற இன்றைக்கும் இருக்கிறது. எண்ணை மாற்றச் சொல்கிறார்கள். வங்கி, ஆதார், சமையல் கேஸ், பையன் பள்ளி, விவாகரத்து வக்கீல், எல்லாம் அந்த எண்ணில்தான். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். நிஜமாகவே குழந்தை உள்ள வீடுகளும் அதே எண்ணில்தான் அழைத்தன.

முதலில் என் கணவர் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். ஆண் குரல் கேட்டதும் அவன்கள் வைத்துவிட்டார்கள். பிள்ளை பெற்ற பெண்களும் வைத்துவிட்டார்கள். பிறகு நான் வாங்கினேன். பெண் குரல் கேட்டால் பெண்கள் பேசுவார்கள், அவன்களும் பேசுவார்கள். என் குரலும் மகள் குரலும் ஒன்று போலவே இருக்கும். இந்த வயதில் நான் கேட்டதை எல்லாம் எழுத முடியாது. கேட்கக் கேட்க என் வாயும் கெட்டுப்போனது.

ஒருநாள் ஒரு பையன். தயங்கித் தயங்கிப் பேசினான். “அக்கா, வணக்கம்க்கா… மசாஜ்னு போட்டிருந்துச்சு… எம்புட்டுக்கா ஆகும்?”

“ஒங்காத்தாவக் கூப்புட்டுக் கேளுடா, எம்புட்டுன்னு அவ சொல்லுவா.”

எதிர்முனையில் ஒரு பச்சைக் குழந்தை, கம்பி இழுத்த மாதிரி மெல்லிய குரலில் அழுதது.

“எங்காத்தா இல்லக்கா” என்றான். “அதான் ஒங்களக் கூப்பிட்டேன்.”

“தம்பி, மன்னிச்சுக்கப்பா, வேற யாரோன்னு…” என்று தொடங்கினேன். “பரவால்லக்கா” என்று வைத்துவிட்டான். திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. அவன் மனைவிக்கு எண்ணெய் தேய்த்துவிட யார் கிடைத்தார்களோ தெரியாது.

அதற்குப் பிறகுதான் ஒரு கேள்வி கண்டுபிடித்தேன். எடுத்ததும் வேறு எதுவும் பேசாமல், “குழந்தைக்குத் தொப்புள் கொடி விழுந்துருச்சா?” என்று கேட்பேன். பிள்ளை இருக்கிற வீட்டில் எப்பேர்ப்பட்ட அசட்டுத் தகப்பனுக்கும் அது தெரிந்திருக்கும். மற்றவன்கள் “என்னது?” என்பான்கள். வைத்துவிடுவேன். என் கணவர் “நல்ல பாஸ்வேர்டு” என்று சிரித்தார். எங்கள் வீட்டில் பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

ஆனால் பாஸ்வேர்டு போட்டு என்ன? மகள் தனியாகப் போக மறுத்தாள். நான் துணைக்குப் போனேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய், வீட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். வண்டியூரில் ஒரு வீட்டு அம்மா எனக்குக் காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்: “நீங்களும் குளிப்பாட்டுவீங்களா?”

“இல்லைங்க. துணைக்கு வந்தேன்.”

“நல்லாருக்கே. இம்புட்டுப் பெரிய பொம்பளைக்குத் துணையா?” என்று சிரித்தார். அந்த அம்மாவின் மேல் தப்பில்லை, விளையாட்டாகத்தான் கேட்டார். குழந்தையைக் காலில் கிடத்தித் துவட்டிக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்க வேண்டாம்.

திரும்பும்போது ஆற்றுப் பாலம் தாண்டினோம். பிறகு முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: “சின்னப்புள்ளையில டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வாசல்ல ஒக்காந்திருப்பியே, அது மாதிரி இருக்கும்மா.”

இரண்டு நாள் கழித்து, பழைய ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உதவியாளர் இடம் காலியில்லை, ஆயா வேலைதான் இருந்தது. படுக்கை மாற்றுவது, பாத்திரம் எடுத்துக் கொட்டுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது. படித்தவள், அனுபவம் உள்ளவள், இதற்கா போவது என்று நான் அழுதேன். “அங்க எல்லாரும் ஆயான்னுதாம்மா கூப்புடுறாங்க. பேரே கெடையாது. எவன் தேடுனாலும் ஆஸ்பத்திரியத்தான் காட்டும், என்னையக் காட்டாது. நிம்மதியா இருக்கு” என்றாள். முதல் பக்கத்துக்கு வரவேண்டும் என்று எத்தனை சாயங்காலம் உட்கார்ந்து எழுதினோம் என்று எண்ணிப் பார்த்தேன்.

அந்தத் தம்பி நன்றாக இருக்கிறான். பேக்கரி மாடி முழுவதையும் எடுத்துவிட்டான் என்று கேள்வி.

போன வாரம் காலையில் ஒரு பெண் அழைத்தாள். சின்னக் குரல், தூக்கமில்லாத குரல். பேச்சிலேயே தெரிந்துவிட்டது, எதுவும் சோதித்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது நாங்கள் யாரும் வருவதில்லை என்றேன். “வேற யாராச்சும் தெரியுமாங்க? எங்களுக்கு இங்க யாரையும் தெரியாது. பயமா இருக்கு, கை வழுக்குது” என்றாள். எனக்கு யாரையும் தெரியவில்லை. தெரிந்த மட்டும் நானே சொல்லத் தொடங்கினேன். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்காரம்மா, தண்ணியை முழங்கையில் விட்டுப் பார்…

மகள் உள்ளறையில் ஆஸ்பத்திரிச் சேலையில் ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள். “மூக்குல எண்ணெய் விடக் கூடாதுன்னு சொல்லு” என்று குரல் கொடுத்தாள். சொன்னேன். “காதுல ஊதக் கூடாதுன்னும் சொல்லு.” சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவள், நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் போல, வேகமாக வந்து கைப்பேசியைப் பிடுங்கினாள்.

“கழுத்துக்கு அடியில எடது கையக் குடுங்க. ஆமா. கட்டை வெரலு தோள்பட்டைக்கு மேல வரணும். இப்ப வழுக்குதா? வழுக்காது. அவசரமே இல்ல, அழட்டும், அழுதா ஒண்ணும் ஆகாது…”

ஐந்தாறு நிமிடம் நின்றபடியே சொல்லிக்கொடுத்தாள். இடது கை காற்றில் ஒரு குழந்தையைத் தாங்கிக்கொண்டிருந்தது. பிறகு மணியைப் பார்த்தாள். “டூட்டிக்கு நேரமாச்சு” என்று கைப்பேசியை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

லைனில் அந்தப் பெண் இன்னும் இருந்தாள்.

“இப்பப் பேசுனாங்களே, அவங்க யாருங்க? ரொம்ப நல்லாச் சொல்றாங்க. அவங்க வர மாட்டாங்களா?”

“மாட்டாங்கம்மா” என்றேன்.